மீசை வைத்தவர்களுக்கு ஒரு சர்க்குலர்

பி.காம். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 'வணிகக் கடிதத் தொடர்பு' என்று ஒரு பேப்பர் உண்டு. ஒரு கடிதத்துக்கு இன்னின்ன அங்கங்கள் இருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக் கொடுப்பார்கள். அனுப்புநர், பெறுநர், விளிப்பு, பொருள், சாரம், முடிப்பு, கையொப்பம், நகல். பத்து மார்க் நிச்சயம். நம்மில் பலருக்கு அந்தப் படிப்பு அதற்கப்புறம் உதவியது லீவ் லெட்டருக்கு மட்டும்தான் என்பது வேறு விஷயம்.

அந்தப் பத்து மார்க் அறிவை இந்த வாரம் தூசி தட்டி எடுத்து, திருச்சியில் ஒட்டப்பட்ட ஒரு சர்க்குலரை அளந்து பார்க்கப் போகிறேன். ஒட்டப்பட்ட தேதி, 16 ஜூன் 1801. ஒட்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, திருச்சி கோட்டைக்குள் இருந்த நவாபு அரண்மனையின் வாசல். இன்னொன்று, ஸ்ரீரங்கம் கோயில் சுவர். இன்றைக்கு ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினால் மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டே காவிரியைத் தாண்டி அரங்கனிடம் போய்விடலாம். அனுப்பியவர், சிவகங்கைச் சீமை சின்ன மருது. சரித்திரப் புத்தகத்தில் 'ஜம்புத்தீவு பிரகடனம்' என்று போட்டிருக்கும். பேர் பெரிசாக இருப்பதாலேயே நாம் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்போம்.

கொஞ்சம் நில்லுங்கள். அது நம்மை மாதிரி ஆட்களுக்கு எழுதிய கடிதம். எப்படி என்று சொல்கிறேன்.

*

முதலில் பின்னணி. சுருக்கமாக.

ஆற்காடு நவாபு முகமது அலி கம்பெனிக்காரர்களிடம் கடன் வாங்கினார். கொஞ்ச நஞ்சமல்ல. கம்பெனிக்கும் பாக்கி, கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்குத் தனியாகவும் பாக்கி. வட்டி கட்ட வரி வருமானத்தைக் கை காட்டினார். கடன் கொடுத்தவன் முதலில் கணக்கைக் கேட்பான். அப்புறம் கல்லாவில் உட்காருவான். அப்புறம் கடைக்குப் போர்டு மாற்றுவான். இது காமர்ஸ் படிக்காதவர்களுக்கும் தெரிந்த கதைதான். 1792 ஒப்பந்தத்தில் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கம்பெனி கைக்குப் போனது. கப்பம் கேட்டு வந்தவனோடு மோதியதில் வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-ல் கயத்தாறில் தூக்கில் தொங்கினார்.

தனித்தனியாக மோதினால் தனித்தனியாகச் சாக வேண்டியதுதான் என்று சிலருக்கு அப்போது உறைத்தது. திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சி கோபால நாயக்கர், சிவகங்கை மருது சகோதரர்கள், மலபாரில் கேரள வர்மா, மைசூர் பக்கம் தூந்தாஜி வாக் என்று ஒரு கூட்டணி உருவானது. ஒரே ராஜா, ஒரே கஜானா, ஒரே தளபதி எதுவும் கிடையாது. ஆளுக்கொரு சீமை, ஆளுக்கொரு பாஷை. நடுவில் இருந்தது கடிதமும் ஆளும்தான். 1800 ஜூன் 3 அன்று கோயமுத்தூரில் இருந்த கம்பெனிக் குதிரைப்படை முகாமைத் தாக்கத் திட்டம் போட்டார்கள். பல இடத்திலிருந்து ஆட்கள் ஒரே சமயத்தில் வந்து சேர வேண்டும். சேரவில்லை. பிடிபட்டவர்களைத் தூக்கில் போட்டார்கள். பேராசிரியர் கே. ராஜய்யன் 1971-ல் இதையெல்லாம் கம்பெனி ஆவணங்களிலிருந்து தோண்டி எடுத்து, இதுதான் முதல் சுதந்திரப் போர் என்று ஒரு புத்தகமே எழுதினார்.

1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை அவசர அவசரமாகத் திரும்பக் கட்டி, மே 24 வரை தாக்குப் பிடித்தார். கோட்டை விழுந்ததும் மருதுவிடம் வந்தார். கம்பெனி 'ஒப்படை' என்றது. மருது மாட்டேன் என்றார்.

பேச முடியாத ஊமைத்துரை எப்படி உத்தரவு கொடுப்பார் என்று, அவரை எதிர்த்துச் சண்டை போட்ட கம்பெனி ராணுவ அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சின்னச் சின்ன வைக்கோல் துண்டுகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் அடுக்குவாராம். அதுதான் வெள்ளைக்காரப் படை. இன்னொரு கையால் 'உஸ்' என்ற சத்தத்தோடு அத்தனையையும் துடைத்துத் தள்ளுவாராம். அவ்வளவுதான், தாக்குதல் ஆர்டர் பாஸ் ஆகிவிட்டது. இதைவிடச் சுருக்கமான ஆபீஸ் மெமோ நான் பார்த்ததில்லை.

*

இப்போது சர்க்குலருக்கு வருவோம்.

பெறுநர்: ஜம்புத்தீவில் வசிக்கிற சகலரும். பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முஸ்லிம் என்று எல்லோரையும் அந்தக் காலத்துப் பட்டியல்படி கூப்பிடுகிறார். 'ஜம்பு' என்றவுடன் திருவானைக்கோயில்காரர்கள் தங்கள் வார்டுக்கு மட்டும் வந்த நோட்டீஸ் என்று நினைத்துவிடக் கூடாது. கோயில் அர்ச்சகர் சங்கல்பம் செய்யும்போது வேகமாகச் சொல்லிப் போகிறாரே, அந்த ஜம்புத்தீவு. நாவல் மரம் நிற்கும் நிலம். நமக்கு அப்போது 'இந்தியா' என்று ஒரு லெட்டர்ஹெட் இல்லை. மருது தனக்குத் தெரிந்த மிகப் பெரிய முகவரியைப் போட்டார். சிவகங்கை சீமைக்காரர், சிவகங்கை ஜனங்களுக்கு என்று எழுதவில்லை. அங்கேயே பத்துக்கு மூணு மார்க் வாங்கிவிட்டார்.

பொருள்: வெள்ளைக்காரர்களுக்கு நவாபு முட்டாள்தனமாக இடம் கொடுத்தார், இப்போது நாடு போய், தாலி அறுத்தவர் போல் ஆகிவிட்டார். இதை ஒட்டியது யார் வீட்டு வாசலில்? நவாபு அரண்மனை வாசலில்! தபால் செலவு மிச்சம்.

சாரம்: இங்கேதான் மருது ஆச்சரியப்படுத்துகிறார். போர்க்கால அறிக்கை என்றால் எதிரியைத் திட்டிவிட்டு முடித்துவிடுவார்கள். இவர் எதிரியைத் திட்டுகிற கையோடு நம்மையும் திட்டுகிறார். உங்களுக்குள் ஒற்றுமை இல்லை, ஒருத்தரைப் பற்றி ஒருத்தர் கோள் சொன்னீர்கள், அந்தச் சந்தில்தான் அவன் நுழைந்தான், நீங்களே ராஜ்யத்தைத் தூக்கிக் கொடுத்தீர்கள் என்கிறார். சோறு தண்ணீராகிப் போச்சு என்கிறார். கஷ்டப்படுகிறோம், ஆனால் எதனால் கஷ்டப்படுகிறோம் என்று விளங்கிக்கொள்ளும் புத்தியும் இல்லை என்கிறார். ஆயிரம் வருஷம் வாழ்ந்தாலும் சாவு நிச்சயம், பேர் மட்டும்தான் நிற்கும் என்கிறார். ஜெயித்த பிறகு என்ன என்பதற்கும் பதில் இருக்கிறது. அவரவர் சீமை, அவரவர் பரம்பரை உரிமை, பழைய வழக்கப்படி அவரவருக்கு. எல்லாவற்றுக்கும் நானே ராஜா என்று ஒரு வரி கிடையாது.

அடுத்தது முக்கியம். யாரை எழுந்து வரச் சொல்கிறார்? மீசை வைத்திருக்கிற எல்லோரையும். அதிலும் குறிப்பாக, கம்பெனியில் வேலை பார்க்கிற சுபேதார், ஜமேதார், ஹவில்தார், நாயக், சிப்பாய் என்று பதவி வாரியாக.

அதாவது, மாசம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவர்களை!

*

இந்த இடத்தில்தான் எனக்குக் காப்பி ஆறிப் போனது. திருச்சி அப்போது கம்பெனிப் படை தங்கியிருந்த ஊர். அந்தப் படையில் வெள்ளைக்காரன் கொஞ்சம். நம்ம ஆட்கள்தான் ஜாஸ்தி. அவர்கள் யாரும் துரோகம் பண்ணுகிறோம் என்று நினைத்து வேலைக்குச் சேர்ந்திருக்க மாட்டார்கள். நவாபு சம்பள பாக்கி வைப்பார். கம்பெனி தேதி தவறாது. வீட்டில் நாலு வாய். தங்கைக்குக் கல்யாணம். ஆறு மாசம் போனால் நாயக், அப்புறம் ஹவில்தார். நானும் நீங்களும் அப்ளிகேஷன் போட்ட அதே காரணங்கள்தான்.

அவர்களைத்தான் மருது கேட்கிறார். நீ தின்கிற சோற்றுக்கு ருசி உண்டா என்கிறார். கம்பெனியில் தொடர்ந்து வேலை பார்க்கிறவனுக்குச் செத்த பிறகு மோட்சம் இல்லை என்கிறார். அவன் மீசையைப் பற்றி ஒரு உவமை சொல்கிறார். இந்தப் பத்திரிகையைப் பெண்கள், குழந்தைகள் எல்லோரும் படிப்பதால் அதை இங்கே அச்சடிக்க முடியாது. சர்க்குலர் வரலாற்றில் அப்படியொரு வாக்கியம் அதற்கு முன்னும் பின்னும் வந்திருக்காது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு ரிட்டையர்ட் ஹெட்கிளார்க் மாமா இருக்கிறார். முப்பத்திச் சொச்சம் வருஷம் சர்க்கார் ஃபைல் பார்த்தவர். சர்க்குலரின் சாரத்தைச் சொன்னேன்.

"ட்ராஃப்ட் பிரமாதம்டா. ஆனா சர்க்குலர்னா 'நகல் பெறுவோர்'னு கீழே ஒரு லிஸ்ட் இருக்கணுமே, எங்கே?" என்றார்.

"இருக்கு மாமா. படிக்கிறவங்க எல்லாரும் ஆளுக்கொரு காப்பி எழுதி எடுத்துக்கணும்னு போட்டிருக்கார்."

"அடேயப்பா! ஸ்டேஷனரி செலவே இல்லையே! கிழிச்சா?"

"இந்தக் காகிதத்தைச் சுவத்துலேர்ந்து எடுக்கிறவனுக்குப் பஞ்சமாபாதகம் பண்ணின பாவம்னு சொல்லியிருக்கார்."

மாமா மூக்குப்பொடி டப்பாவைத் திறந்து மூடினார். போஸ்ட் கார்டு காலத்தில் 'இதை இருபது பேருக்கு எழுதி அனுப்பவும், அலட்சியம் செய்தவர் வியாபாரத்தில் நஷ்டமடைந்தார்' என்று வீட்டுக்கு வீடு வருமே, அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். இப்போது அதுவே வாட்ஸ்அப்பில் விடிகாலை அஞ்சு மணிக்கு வருகிறது. மருதுவுடையதுதான் அந்த வம்சத்தில் உருப்படியான மூத்த பிள்ளை போலிருக்கிறது.

"நீங்க அப்போ கோட்டை ஆபீஸ்ல வேலை பார்த்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க மாமா? கிழிச்சிருப்பீங்களா, காப்பி எடுத்திருப்பீங்களா?"

ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் சொன்னார். "கிழிச்சிருக்க மாட்டேன். காப்பியும் எடுத்திருக்க மாட்டேன். துரை கேட்டா, 'அந்த வழியா நான் வரவே இல்லை சார்'னு சொல்லியிருப்பேன்."

மாமாவைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். முப்பது நாள் சம்பளம் வாங்குகிற எவனும் சொல்லக்கூடிய பதில்களிலேயே அதுதான் யோக்கியமானது. வீரவசனம் பேச மருது இருக்கிறார். தெரியாத மாதிரி போக நாம் இருக்கிறோம். மருது எழுதியதே அப்படிப் போகிறவனைத் தோளைத் தொட்டு நிறுத்தத்தான்.

*

மிச்சம் இரண்டு அங்கம் இருக்கிறது. முடிப்பும் கையொப்பமும்.

ஸ்ரீரங்கத்துப் பிரதி, அங்கிருக்கும் ஆச்சாரியர்கள், பெரியோர்கள் பாதத்தில் மருது பாண்டியன் விழுந்து வணங்கி ஆசி கேட்பதாக எழுதப்பட்டிருக்கிறது. கோயில் அப்போது இன்றைக்கு நாம் பார்க்கிற மாதிரி இல்லை. ராஜகோபுரம் முழுசாக எழும்பியது 1987-ல்தான். அப்போது அது மொட்டைக் கோபுரம். அந்தச் சுவர்களும் யுத்தத்துக்குப் புதுசு அல்ல. 1752-ல் பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிப்பும் இந்தத் தீவில்தான் கோயில் மதில்களை நம்பி முடங்கிக் கிடந்து, கடைசியில் சரணடைந்தார்கள். இரண்டு வெள்ளைக்காரக் கம்பெனிகள் திருச்சிக்காக அடித்துக்கொண்ட இடத்தில், அரை நூற்றாண்டு கழித்து ஒரு தமிழன் இரண்டுமே வேண்டாம் என்று எழுதி ஒட்டினான்.

கையெழுத்துக்குப் பக்கத்தில் அவர் போட்டுக்கொண்ட பதவி: ராஜாக்களின் ஊழியன், வெள்ளைக்காரனின் ஜென்ம விரோதி.

கவனியுங்கள். 'ஊழியன்'. ராஜா இல்லை, மகாராஜா இல்லை.

கம்பெனி சும்மா இருக்குமா? ஜூலை 6 அன்று சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் பேரில் பதில் அறிக்கை வந்தது. பிளாசி யுத்தத்து ராபர்ட் கிளைவின் பிள்ளை. மருதுகள் நியாயமான அரசர்களே இல்லை, சிவகங்கை அரண்மனை வேலைக்காரர்கள், எஜமானின் சொத்தைப் பிடுங்கிக்கொண்டவர்கள், உண்மையான வாரிசைக் கம்பெனி உட்கார வைக்கும் என்பது அதன் சாரம். எப்படிப் பார்த்தாலும் சாமர்த்தியமான ட்ராஃப்ட். ஆனால் ஒரு ஓட்டை. எதிரியை 'வேலைக்காரன்' என்று அம்பலப்படுத்தப் பார்க்கிறார்கள். அவனோ இருபது நாள் முன்பே 'ஆமாம், ஊழியன்தான்' என்று கையெழுத்துப் போட்டாயிற்று! இத்தனைக்கும் கம்பெனி துரைகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள எளிய ஊழியன்' என்றுதான் இருக்கும். எல்லோரும் ஊழியர்தான். யாருக்கு ஊழியன் என்பதில்தான் சண்டை.

*

முடிவு உங்களுக்குத் தெரியும். ஜூலை 31-ல் நவாபு வாரிசிடம் கம்பெனி கையெழுத்து வாங்கி, கர்நாடகம் முழுவதையும் திருச்சியோடு சேர்த்துத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டது. காளையார்கோயில் காட்டை வெட்டி வழி பண்ண கர்னல் அக்னியூ ஒரு மாதம் மல்லுக்கட்டி, முடியாமல் விட்டார். கோடாலியால் முடியாதது காகிதத்தால் முடிந்தது. அறிக்கையில் சொன்னபடியே ஒரு வாரிசைப் பிடித்து சிவகங்கை ஜமீன்தார் என்று பட்டம் கட்டினார்கள். ஜனங்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். மருது எந்த வியாதியை எழுதி ஒட்டினாரோ, அதே வியாதி. அக்டோபர் 1-ல் காளையார்கோயில் விழுந்தது. அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். சர்க்குலர் ஒட்டிய நாளிலிருந்து எண்ணினால் 130 நாள். நவம்பர் 16-ல் ஊமைத்துரை. சின்ன மருதுவின் பிள்ளை, பால்யம் மாறாத துரைசாமியை இன்னும் எழுபத்திச் சொச்சம் பேரோடு 1802 பிப்ரவரியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள்.

அறுபது வருஷம் கழித்து அமெரிக்காவிலும் ஒரு கூட்டணி யுத்தம் நடந்தது. 1861-ல் தெற்கு மாநிலங்கள் பிரிந்து போய்த் தனி நாடு என்றன. அவர்கள் காப்பாற்றப் பார்த்தது அடிமை முறையை. மருது உதறப் பார்த்தது அடிமைத்தனத்தை. ஆகவே நியாயத்தில் ஒப்பிட முடியாது, கடிதத்தில் ஒப்பிடலாம். ஜார்ஜியா மாநில கவர்னர் ஜோசப் பிரவுன், தங்கள் சொந்த ஜனாதிபதி ஜெபர்சன் டேவிஸுக்கு 1862-ல் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். கட்டாய ராணுவ சேவைச் சட்டம் செல்லாது, எங்கள் மாநில உரிமையில் கை வைக்காதே என்று. எதிரி வாசலில் நிற்கும்போது உள்ளுக்குள் சட்ட நோட்டீஸ்! தோற்ற பிறகு, ஜெயித்த வாஷிங்டன் அரசே இரு தரப்புக் கடிதங்களையும் 128 புத்தகங்களாக அச்சடித்தது.

நம் கதையும் அதுதான். மருதுவின் சர்க்குலர் இன்றைக்கு நம் கைக்குக் கிடைத்தது யாரால்? பஞ்சமாபாதகத்துக்குப் பயந்து காப்பி எடுத்தவர்களால் அல்ல. கம்பெனி ஆபீசில் ஒருத்தர் பொறுமையாக இங்கிலீஷில் மொழிபெயர்த்து, ஃபைலில் கோத்து வைத்ததால். 'படிக்கிறவன் காப்பி எடு' என்ற கட்டளையை எதிரியின் குமாஸ்தாதான் ஒழுங்காக நிறைவேற்றியிருக்கிறான்.

அப்போ, அந்தக் கடிதம் தோற்றுவிட்டதா?

அஞ்சு வருஷம் தள்ளிப் பாருங்கள். சென்னைப் படைத் தலைமை, சிப்பாய்களின் உடுப்பைச் சீர்திருத்துகிறேன் என்று புது உத்தரவு போட்டது. புதுத் தலைப்பாகை. நெற்றியில் குறி கூடாது. தாடி கூடாது. மீசை இன்ன அளவில்தான் இருக்க வேண்டும். 1806 ஜூலை 10 விடிவதற்குள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். அன்று பகலிலேயே அடக்கிவிட்டார்கள் என்றாலும், கவர்னரையும் தளபதியையும் லண்டன் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டது.

சம்பளம் வாங்குகிறவன் ரொம்ப நாள் பொறுப்பான். சோறு தண்ணீரானாலும் பொறுப்பான். மீசையில் கை வைத்தால்தான் எழுந்திருப்பான் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சின்ன மருதுவுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் பெறுநர் முகவரியில் அதைப் போட்டார்.

மலைக்கோட்டைப் பக்கம் போனால் மெயின் கார்டு கேட்டில் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பழைய கோட்டையில் மிஞ்சி நிற்பது அதுதான். சுவரில் சினிமா போஸ்டர், கோச்சிங் சென்டர் நோட்டீஸ், 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்ற நோட்டீஸ் எல்லாம் இருக்கும். நீங்கள் தேடுவது இருக்காது. இருந்தாலும், போகிற போக்கில் மீசையை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழுங்கச் சிரைத்தவர்களும்தான்!